மறு: 'தெசியெர்தோ' – பாலைவனம் போதுமா?

குழுவினருக்கு வணக்கம். நாம் மொழிபெயர்க்கும் அர்ஜென்டினா பற்றிய நூலில் வரும் 'தெசியெர்தோ' (desierto) என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> அகராதியில் பாலைவனம் என்றே இருக்கிறது. அதையே போட்டுவிட்டுப் போகலாமே, எதற்குப் புதுச்சொல்?

ஐயா, சிலியின் அத்தகாமாவுக்கு நானும் அதையேதான் போடுவேன். அங்கே மழை காண்பதே அபூர்வம். அர்ஜென்டினாவில்தான் இடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே 'எல் தெசியெர்தோ' என்று எழுதியது பம்பா சமவெளியையும் அதற்குத் தெற்கே பத்தகோனியாவையும். பம்பா புல்தரை, மாடும் குதிரையும் கணக்கில்லாமல் பெருகிய இடம். பாலைவனம் என்று போட்டால் நம் வாசகர் ஒட்டகத்தைத் தேடுவார்.

இந்தச் சொல்லின் வேரில் மணலோ வெயிலோ இல்லை. கைவிடப்பட்டது, ஆள் இல்லாதது என்பதுதான் லத்தீன் பொருள். ஒரு போட்டியில் பரிசுக்குத் தகுதியானவர் யாரும் இல்லை என்றால்கூட அந்தப் பரிசு 'தெசியெர்தோ' என்றுதான் ஸ்பானிய மொழியில் அறிவிப்பார்கள். 1845இல் அர்ஜென்டின எழுத்தாளர் சர்மியெந்தோ தம் 'ஃபகுந்தோ' நூலில், அர்ஜென்டினாவைப் பீடித்திருக்கும் நோய் அதன் பரப்பு, எல்லாப் பக்கமும் தெசியெர்தோ சூழ்ந்திருக்கிறது என்கிறார். அவர் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லவில்லை. ஊர் இல்லை, உழவு இல்லை, அவர் மனிதராகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறவர்கள் இல்லை.

ஆனால் ஆட்கள் இருந்தார்கள். 1870இல் அர்ஜென்டினப் படையின் கர்னல் லூசியோ மன்சில்யா, பம்பாவின் பழங்குடிகளான ராங்கெல் மக்களைத் தேடிப்போய்ப் பார்த்து வந்து எழுதினார். ராங்கெல் என்ற பெயருக்கு நாணல் மக்கள் என்று பொருள். கால்தேன் மரங்கள் அடர்ந்த தங்கள் பகுதியை அவர்கள் 'மாமுல் மாப்பு', அதாவது மரங்களின் நாடு என்றார்கள். அவர்களுக்கு மரநாடு, புவெனோஸ் ஐரெஸ்காரருக்குச் சூனியம்! பம்பா முழுவதையும் ஒரே தட்டை வெளியாக வர்ணித்தவர்களை மன்சில்யாவே குத்திக்காட்டுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. ராங்கெல் தலைவர் மரியானோ ரோசாஸ் தாம் சேர்த்து வைத்திருந்த தாள்களிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்து, தங்கள் நிலத்தின் வழியாக வரப்போகும் ரயில்பாதை பற்றிய செய்தியைக் காட்டுகிறார். ஆளில்லாத நிலத்தில் செய்தித்தாள் சேர்த்து வைக்கும் ஆள்.

இன்னொன்று. 1876–77இல் போர் அமைச்சர் அல்சினா இந்த எல்லையில் சுமார் 370 கிலோமீட்டருக்கு அகழி வெட்டினார், பழங்குடிகள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவதைத் தடுக்க. யாருமே இல்லாத இடத்துக்குப் பயந்து எவராவது அகழி வெட்டுவார்களா? 1879இல், அல்சினாவுக்குப் பின் போர் அமைச்சரான ரோகாவின் படை ரியோ நெக்ரோ ஆறு வரை போனது. அதற்கு வைத்த பெயர் 'தெசியெர்தோவைக் கைப்பற்றல்'. பிடிபட்ட குடும்பங்களைப் பிரித்து வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நிலம் பெரும் பண்ணைகளாகக் கைமாறியது.

அதனால் நமக்கு வேண்டியது நிலவகையைச் சொல்லும் சொல் அல்ல, அந்த நிலத்தைப் பற்றி ஒருவர் கூறிய பொய்யைச் சொல்லும் சொல். மொழிபெயர்ப்பாளர் அந்தப் பொய்யைத் திருத்தி 'புல்வெளி' என்று போட்டுவிடவும் கூடாது. போட்டால் படையெடுப்பு ஏன் நடந்தது என்பதே மறைந்துபோகும்.

> பாலை என்றே வைக்கலாம். நம் மரபில் பாலை மணல் அல்லவே.

அம்மா, எனக்கும் முதலில் இந்த ஆசைதான். முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து பாலை என்னும் படிவம் கொள்ளும் என்று சிலம்பு சொல்வது அழகு. ஆனால் அங்கே நிலம் வெயிலில் திரிகிறது. பம்பாவில் நிலம் எதுவும் திரியவில்லை, பார்த்தவர் கண்தான். அதுவும் போக, நம் பாலையில் எயினர் இருக்கிறார்கள், கொற்றவை இருக்கிறாள். பாலையை ஆளில்லாத இடமாக மட்டும் நம் புலவர்கள் பார்த்ததில்லை.

'பாழ்' என்றால் முன்பு குடி இருந்து பிறகு போன இடம். 1879க்குப் பிறகு வேண்டுமானால் பொருந்தும். 'தரிசு' உழாத நிலத்தோடு நின்றுவிடுகிறது. 'ஆளில்லாவெளி' நேரடியானதுதான், ஆனால் ரயில்வே கேட் ஞாபகம் வருகிறது.

என் பரிந்துரை: வெறுநிலம். "அங்கே யார் இருக்கா, வெறுங்காடு" என்று ஊரில் சொல்லும்போது அதே காட்டில் ஆடு மேய்ப்பவர் நின்றுகொண்டிருப்பாரே, அந்த 'வெறும்'.

---

> வெறுநிலம் என்றதும் வெறுப்பு நிலம் என்றுதான் என் காதில் விழுந்தது. வீட்டில் இருவரிடம் வாசித்துக் காட்டினேன், அவர்களும் அப்படியே சொன்னார்கள். வெற்றுநிலம் என்றால் என்ன தம்பி? வெற்றிடம், வெற்றுக்காகிதம் எல்லாம் பழகிய சொற்கள்தானே.

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். வெற்றுநிலம் நன்றாகவே இருக்கிறது. வெற்றுப்பேச்சு என்பதில் வரும் 'வெற்று'வும் கூடவே ஒட்டிக்கொள்வது எனக்கு இரட்டை லாபம். ரோகாவின் படையெடுப்பை 'வெற்றுநிலப் படையெடுப்பு' என்று எழுதிப் பார்த்தேன், வாசகரைச் சற்று நிறுத்துகிறது. அத்தகாமாவுக்குப் பாலைவனம், பம்பாவுக்கு வெற்றுநிலம் என்று அருஞ்சொல் பட்டியலில் இரண்டு வரியாகவே போட்டுவிடுகிறேன்.

அப்புறம், இதே நூலில் அடுத்த முடிச்சு 'ரஸ்த்ரில்யாதா'. ராங்கெல் மக்களும் அவர்களுடைய மந்தைகளும் வந்துபோய் வந்துபோய்த் தரையில் அருகருகே விழுந்த தடங்கள், நெடுந்தூரம் வளைந்து வளைந்து போகும். வெற்றுநிலத்தில் இத்தனை பாதை! 'மந்தைத்தடம்' என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். கொங்குப் பக்கத்து நண்பர்கள் இட்டேறி என்பார்கள், ஆனால் அதற்கு இருபுறமும் வேலி வேண்டுமே. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.