காணவில்லை படம் வந்தால் பகிரலாமா?

கோவைக்காரன்: நேற்று குடும்பக் குழுவில் ‘பாப்பாவைக் காணவில்லை, பகிரவும்’ என்று ஒரு படம். தேதியும் இல்லை, ஊரும் இல்லை. அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டால், “கிடைச்சு மூணு வருஷம் ஆச்சு சார், பாப்பா ஸ்கூலுக்குப் போகுது, தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க” என்று அந்த அம்மா அழாத குறை. பகிர்வதை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கப்பா.

தறிவீடு: போனோமே! மறதி நோய் உள்ள மாமனார் காலையில் பால் வாங்கப் போய் வரவில்லை. “24 மணி நேரம் பாத்துட்டு வாங்கம்மா” என்றார்கள். ராத்திரி ஒன்பதுக்கு அவரைக் கண்டது குழுவில் படம் பார்த்த டீக்கடைத் தம்பி. எப்போதோ வேலை பார்த்து, மூடியும் போன மில்லுக்குப் பஸ் ஏறிப் போய், பூட்டிய கேட் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். படத்தில் மழித்த முகம், அன்றைக்குப் பத்து நாள் தாடி. கையிலிருந்த மஞ்சப்பையை எழுதியிருந்தோம், அதை வைத்துத்தான் அடையாளம்.

கறுப்புக்கோட்டு: 24 மணி நேரம் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நகராதீர்கள். ‘இது எங்க ஸ்டேஷன் எல்லை இல்லை’ என்று போலீஸ் சொன்னால், எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) கேளுங்கள். குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள்.

மழைக்குருவி: தேடுகிறவர் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே? என் தோழி அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவள். ‘மனநிலை சரியில்லை, கண்டால் அழைக்கவும்’ என்று புருஷன் படம் போட, நல்ல மனசோடு நூறு பேர் பகிர, அவள் ராத்திரியோடு ராத்திரியாக விடுதி மாற வேண்டியதாயிற்று. 18 வயது தாண்டியவர் விரும்பிப் போனால் அது அவர் உரிமை.

கோவைக்காரன்: அதேதான். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த பாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். எல்லாம் வாட்ஸ்அப் வதந்திதான்.

தறிவீடு: அது பிள்ளை பிடிக்கிறவன் வதந்தி, இதோடு முடிச்சுப் போடாதீர்கள். ஆனால் மழைக்குருவி சொன்னது உறைக்கிறது. இனிமேல் என் எண்ணைப் போட மாட்டேன், ஸ்டேஷன் எண்தான். அன்றைக்கே ஒருவன், “பெரியவர் எங்ககிட்ட இருக்கார், ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க” என்றான்.

கோவைக்காரன்: சரி, மாமனார் கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டார்’ என்று எத்தனை குழுவில் போட்டீர்கள்?

தறிவீடு: மூன்றில். படம் அனுப்பியது பதினொன்றில்.