ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது? திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளிக்காரி:

சரி, நானே தொடங்கி வைக்கிறேன். தொழில்நுட்பம் உலகத்தை மாற்றிவிட்டது என்று பள்ளிக்கூடக் கட்டுரை எழுதாமல், உங்கள் வீட்டில், உங்கள் ஒழுங்கையில் யாருக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கோ. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

2022 ஓகஸ்டில், தட்டுப்பாட்டு நேரம், கிழமைக்கு இவ்வளவுதான் என்று பங்கிட நாடு முழுக்கப் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது ஞாபகம் இருக்கும். சீனக்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்க வெயிலில் நின்றோம். அதை இனிப் பேசி என்ன. நான் சொல்ல வந்தது அந்தக் கியூஆரை எடுத்த கதை. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம், ஒரு போன் நம்பர், அந்த நம்பருக்கு வருகிற ஓடிபி, இவ்வளவும் வேண்டும். செசி இலக்கம் எங்கே அடித்திருக்கிறது என்று தெரியாமல் மோட்டார் சைக்கிளைச் சரித்து வைத்து டோர்ச் பிடித்துத் தேடினார்கள். சிலருடைய வண்டி இன்னும் பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே கிடந்தது. பொத்தான் போன் வைத்திருந்த கிழவர்களுக்கு ஓடிபி வந்து சேரும், ஆனால் அதைக் கொண்டுபோய்ப் போடுவதற்கு அவர்களிடம் இன்டர்நெட் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் அப்போது உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை விறாந்தையில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதிந்து கொடுத்தாள். வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்ரீ ஊற்றியே தாய் களைத்துப் போனா. எங்கள் மாமா தன் கியூஆரை லமினேட் பண்ணி, ஓட்டை போட்டு, திறப்போடு கோர்த்துக்கொண்டு கலியாண வீட்டுக்கும் வந்தார். 2023 செப்டெம்பரோடு பெற்றோல் கியூஆர் முடிந்தது, அவளுடைய விறாந்தைக் கூட்டம் முடியவில்லை. இடையில் அஸ்வெசும என்கிற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு வந்துவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கூட்டம், பெயர் விழாதவர்கள் மேன்முறையீடு போட இன்னொரு கூட்டம். அதோடு ஆட்சேபனை என்றும் ஒன்று இருந்ததே, இன்னாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அறிவிப்பது. அதற்கும் அவளிடம் வந்தார்கள். பக்கத்து வீட்டில் பிரிட்ஜ் இருக்கு, மகன் கட்டாரில் இருக்கிறான், எழுது பிள்ளை என்று. "அதை நான் எழுத மாட்டன் மாமி, நீங்களே விதானையிட்டப் போய்ச் சொல்லுங்கோ" என்று கிராம அலுவலரிடம் அனுப்பிவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இருந்த நிதானம் எங்களில் பல பேருக்கு இருக்கவில்லை.

எல்லாம் ஒன்லைன் ஆகிவிட்டால் இடையில் யாரும் தேவையில்லை, கந்தோருக்கு அலைச்சலும் இல்லை என்றுதானே சொன்னார்கள்? நான் பார்த்த வரையில் இடையில் நிற்கிற ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். முன்பு கச்சேரியடியில், அதுதான் மாவட்டச் செயலக வாசலில், மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நாம் வாயால் சொன்னது மட்டும்தான் தெரியும். இந்தப் பிள்ளையிடம் போனையே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். வங்கி மெசேஜ், கிளினிக் துண்டின் படம், மருமகளைப் பற்றி மகளுக்குப் போட்ட வொய்ஸ், எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது.

பழைய கொம்யூனிகேசன்காரன்:

தங்கச்சி எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், அந்த விறாந்தையின் தகப்பன் நான்தான். மத்திய வீதிப் பக்கம் கொம்யூனிகேசன், அதாவது காசு கொடுத்துப் போன் கதைக்கிற கடை, வைத்திருந்தேன். 2002 சமாதானக் காலத்தில்தான் நல்ல வியாபாரம். ஜேர்மனியில் இருந்து மகன் ஞாயிறு பின்னேரம் எடுப்பான் என்றால் தாய் மத்தியானமே வந்து வாங்கில் உட்கார்ந்துவிடுவா. சொல்லாமல் எடுத்தால் பொடியனைச் சைக்கிளில் அனுப்பி ஆளைக் கூட்டி வருவோம், அதற்குள் லைன் அறுந்துவிடும்.

ஆனால் அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது எழுத வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிளைவுட்டில் அடித்த பெட்டி அது, முன்னால் கண்ணாடி. உள்ளே ஒரு தாய் அழுதால் வெளியில் போட்டோக்கொப்பி எடுக்க நிற்கிறவனுக்கும் கேட்கும். யாருக்கு வெளிநாட்டில் இருந்து வங்கியில்லாமல் உண்டியல்காரர் மூலம் காசு வந்தது, யாருடைய ஸ்பொன்சர் சரிவரவில்லை, யாருடைய கலியாணம் குழம்பியது, எல்லாம் வீட்டுக்காரருக்கு முன்னம் எனக்குத் தெரியும். நான் வெளியில் விடவில்லை. விட்ட கடைக்காரர்களும் இருந்தார்கள்.

இப்போது கடையை மகன் பார்க்கிறான். ரீலோட், பில் கட்டுவது, ஒன்லைன் விண்ணப்பம், படம் எடுப்பது. அவனுடைய மேசை லாச்சிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. வருகிறவர்களுக்கு இமெயில் திறந்து கொடுத்தால் பாஸ்வேர்டைத் துண்டில் எழுதிக் கொடுப்பான், அவர்கள் அதைத் தொலைத்துவிட்டு அடுத்த முறை வந்து "தம்பி, போன முறை என்ன போட்டனீர்?" என்று கேட்பார்கள். அதனால் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதத் தொடங்கினான். ஊரில் அரைவாசிப் பேரின் சாவி அந்தக் கொப்பியில் இருக்கிறது. எரித்துவிடு என்றேன். எரித்தால் நாளைக்கு இவ்வளவு பேரும் எங்கே போவது அப்பா என்று கேட்கிறான், என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்குப் பூட்டுப் போட்ட லாச்சியில் வைத்திருக்கிறான்.

கிண்ணியா நானா:

எங்கள் வாப்பா எண்பதுகளில் சவூதியில். கடிதம் வரும், அதைவிடப் பெரிய விசேஷம் கேசட். லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். ஒரு பக்கம் முழுக்க உம்மாவுக்கு, அடுத்த பக்கம் எங்களுக்கும் மாமாமாருக்கும். அந்த முதல் பக்கத்தை உம்மா எங்களைக் கேட்க விட்டதே இல்லை. பதில் பேசுவதற்கு நாங்கள் வரிசையில் நிற்போம், முறை வந்ததும் ஒரு சொல் வராது. இப்போது என் தம்பி டோஹாவில் இருந்து இமோவில் வந்து சட்டிக்குள் என்ன கறி என்று காட்டச் சொல்கிறான். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு அவன் முகம் தெரியும், எனக்கு என் வாப்பாவின் குரல் மட்டும்தான் தெரிந்தது.

ஆனால் நான் எழுத வந்தது கடல் விஷயம். 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவில் நிலம் அதிர்ந்து கடல் எங்கள் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு மனிதன் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்போது கிண்ணியாவுக்குப் பாலமும் இல்லை, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில்தான் போக்குவரத்து. 396 மீற்றர்ப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள்.

2012 ஏப்ரல் 11, புத்தாண்டுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கிறது. மத்தியானம் திரும்பவும் சுமத்ரா, 8.6. இந்த முறை போனுக்கு நியூஸ் அலேர்ட் வந்தது. நான் கடையில் நின்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு ஆள் அசையவில்லை. "மெசேஜ்தானே" என்றார் ஒருவர். போன் எடுத்துப் பார்த்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்ததில் லைன் கிடைக்கவில்லை. பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார், பாங்கு சொல்கிறவர், ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேட்டுப் பக்கம் போகச் சொன்னார். அவ்வளவுதான், தெருவில் கால் வைக்க இடமில்லை. உம்மாவைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அன்றைக்குக் கடல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். செய்தி முதலில் வந்தது என் போனுக்குத்தான். ஆனால் சனம் நகர்ந்தது மோதினார் சொல்லித்தான்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி திரியாய், குச்சவெளிப் பக்கம் கரை கடந்தபோது இதற்கு நேர்மாறு. அறிவித்தல் எல்லாம் ஒழுங்காக வந்தது, வட்ஸ்அப் குரூப்புகளில் ஆளாளுக்குப் புயல் படம் போட்டார்கள், எது இன்றையது எது இரண்டு நாள் பழையது என்று பிரிக்க முடியவில்லை. கொழும்பில் இருக்கிற மச்சானின் நண்பன் வானிலைத் திணைக்களத்தில் இருக்கிறானாம் என்று தொடங்கி ஒரு வொய்ஸ். அந்த நண்பனை இதுவரை யாரும் கண்டதில்லை, ஒவ்வொரு டிசம்பரும் வருகிறான்.

வாடிப் பொடியன்:

நிலாவெளிப் பக்கம். எங்கள் அப்பா கடலில் பார் பிடிப்பது கண்ணால்தான். பார் என்றால் கடலடிக் கற்பாறை, மீன் அதில்தான் நிற்கும். கரையில் இரண்டு பக்கம் குறி பார்ப்பார். தெற்கே கோணேசர் மலை முனை எதோடு ஒட்டுகிறது, மேற்கே புறாத்தீவின் விளிம்பு பின்னால் உள்ள எந்த மரத்துக்கு நேர் வருகிறது. இரண்டும் சரியாக விழுந்தால் நங்கூரம். மப்பு நாளில் மலை தெரியாவிட்டால் தொழில் இல்லை. அவருக்கு இது அவருடைய மாமன் காட்டியது, அதுவும் மகளைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் காட்டினாராம்!

இப்போது ஜிபிஎஸ்ஸில் பொயின்ட் அடித்து வைத்திருக்கிறோம். அதைத் தவறு என்று சொல்ல வேண்டாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து ஒரே அடியாக 340க்குப் போனது. அந்த விலைக்குக் கடலில் சுற்றித் திரிந்து தேட முடியாது, நேரே போய் நிற்க வேண்டும். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. எங்களோடு கூலிக்கு வந்த ஒருவன் மெஷின் திரையைப் போனில் படம் எடுத்து வேறொரு வாடிக்கு, கரையில் மீனவர் தங்கித் தொழில் செய்கிற கொட்டிலுக்கு, அனுப்பிவிட்டான். அடுத்த கிழமை போனால் எங்கள் பாரில் ஐந்தாறு படகு. அப்பா சண்டைக்குப் போனார். அவர்கள் கேட்டது, கடல் உங்கட அப்பன் வீட்டுச் சொத்தா என்று. சட்டப்படி அவர்கள் சொன்னதும் சரிதான். அப்பா இரண்டு நாள் வாடிப்பக்கமே வரவில்லை. மாமன் கையால் வாங்கியது ஒரு படமாகப் போய்விட்டது என்றுதான் அவருக்குக் கவலை. மீன் போனதைப் பற்றிப் பேசவே இல்லை.

விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், போன் வந்ததால் மீனவனுக்கு நல்ல விலை என்று எல்லாரும் நம்புகிறீர்கள். கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தையில் இன்றைக்குப் பாரை என்ன விலை, அறுக்குளா என்ன விலை என்று காலையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்து? இஞ்சினுக்கும் வலைக்கும் காசு தந்த முதலாளிக்குத்தான் மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. முன்பு விலை தெரியாமல் கொடுத்தோம், இப்போது தெரிந்துகொண்டே கொடுக்கிறோம், வயிற்றெரிச்சல் கூட.

கொரோனாவில் பேலியகொடைச் சந்தையில் தொற்று வந்தவுடன் மீனில் கிருமி என்று வட்ஸ்அப்பில் போட்டதை மறக்க மாட்டேன். 2020 நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகைக்காரர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டி வந்தது. நாங்கள் அதைச் சமைத்துத்தான் தின்கிறோம் ஐயா, எங்கள் மீனையும் வாங்கியிருக்கலாம்.

ஸ்காபரோவில் இருந்து:

சுருக்கமாக. பெரியம்மாவின் செத்தவீட்டை நான் இங்கே விடியப்புறம் பேஸ்புக் நேரலையில் பார்த்தேன். முன்பென்றால் இலங்கை வானொலி மரண அறிவித்தலில் ஊர், உறவு எல்லாம் வரிசையாக வாசிப்பார்கள், எங்கள் வீட்டில் அந்த நேரம் யாரும் கதைக்கக் கூடாது. இப்போது லிங்க் வருகிறது. ஒளிப்படக்காரத் தம்பி கெமராவை அழுகிறவர்களின் முகத்துக்குக் கிட்டவே கொண்டு போனான், யார் அழவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்து இங்கே ஒரு கிழமை கதை. நான் போயிருக்க வேண்டும், லீவு கிடைக்கவில்லை. பார்த்தேனே என்ற ஆறுதலும் இருக்கிறது, இனி யாரும் என்னை வா என்று கூப்பிட மாட்டார்கள் என்பதும் தெரிகிறது. "நேரலையில பார்க்கலாம்தானே பிள்ளை" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

உப்புவெளிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நானா சொன்ன மோதினார் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

கொம்யூனிகேசன் அண்ணை, உங்களிடம் ஒரு கேள்வி. எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மா, கணவரின் ஓய்வூதியம் அவவுடைய கணக்குக்கு வருகிறது. கணக்குத் திறந்தபோது மகனின் நம்பரைக் கொடுத்திருக்கிறா. மகன் இப்போது வெளிநாட்டில், பழைய சிம் செத்துப் போச்சு. அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் தெரியாது. விறாந்தைப் பிள்ளையிடம் போனார்கள், இது என்னால் முடியாது என்று அவள் உங்களைக் கேட்கச் சொன்னாள்.

பழைய கொம்யூனிகேசன்காரன்:

கெட்டிக்காரப் பிள்ளை, தொடாமல் விட்டது நல்லது. இது ஒன்லைனில் செய்கிற வேலை இல்லை. சிம்மைப் பாவிக்காமல் விட்டால் கொம்பனி அந்த நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும், பிறகு வங்கி மெசேஜ் எல்லாம் அந்த ஆளுக்குத்தான் போகும். முதலில் அம்மாவின் அடையாள அட்டையில், அம்மாவின் பெயரிலேயே ஒரு சிம் எடுங்கோ. கடைக்காரன் பெயரிலோ உங்கள் பெயரிலோ எடுக்க வேண்டாம், நாளைக்கு இதே கதைதான் திரும்ப வரும். பிறகு அம்மாவைக் கையோடு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இரண்டையும் காட்டி நம்பர் மாற்றும் படிவம் கேளுங்கோ. அவ வராமல் கடிதம் கொடுத்தெல்லாம் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். கையெழுத்து மாறியிருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிப் புதிதாகப் போடச் சொல்லுங்கோ. ஓய்வூதியம் போடுகிற நாளிலும் அதற்கு அடுத்த நாளிலும் போகாதீர்கள், அன்றைக்கு உட்காரக் கதிரை கிடைக்காது. ஓட்டோ பிடிக்க ஆள் இல்லாவிட்டால் மகனை அனுப்புகிறேன்.