புதிய எச்.ஓ. மாதிரி டீசல் எஞ்சின் பாயிண்ட்டில் நின்றுவிடுகிறது: வயரிங் கோளாறை எங்கிருந்து தேடுவது?

மலைப்பாதை (செங்கோட்டை):
அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையை, 2018-இல் அகலப்பாதை திறந்த பிறகு உள்ள தோற்றத்தில், பதின்மூன்று கண் பாலத்தையும் சேர்த்து வீட்டு மாடியில் எச்.ஓ. அளவில் (1:87) மாதிரி ரயில்பாதையாக அமைத்து வருகிறேன். அதற்காக ஆறு அச்சு டீசல் எஞ்சின் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். இப்போது 12 வோல்ட் டி.சி. கண்ட்ரோலரில் ஓட்டுகிறேன்; 8 பின் சாக்கெட் இருப்பதால் பின்னர் டிகோடர் (டிஜிட்டல் கட்டளைகளை ஏற்று எஞ்சினை இயக்கும் சிறு மின்பலகை) பொருத்தும் எண்ணமும் உண்டு. நேர்ப்பாதையில் அருமையாக ஓடும் எஞ்சின், மெதுவாகப் போகையில் பாயிண்ட்டின் (பாதை பிரியும் இடம்) நடுவிலுள்ள பிளாஸ்டிக் பகுதிக்கு வந்ததும் விளக்கு அணைந்து நின்றுவிடுகிறது. விரலால் சற்றுத் தள்ளினால் மறுபடி ஓடுகிறது. இன்னொரு குறை, முன்னோக்கிச் செல்லும்போது பின்விளக்கு எரிகிறது. என்னிடமுள்ள பழைய நான்கு அச்சு எஞ்சின் அதே பாயிண்ட்டைத் தடையில்லாமல் கடப்பதால் தண்டவாளத்தைக் குறை சொல்ல முடியவில்லை. மேல்கூட்டைத் திறக்கலாமா, திருப்பி அனுப்புவதே நல்லதா?

கல்பாத்தி (பாலக்காடு):
மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம் நண்பரே. பன்னிரண்டு சக்கரங்கள் உள்ள எஞ்சின் அத்தனை சிறிய பிளாஸ்டிக் துண்டின்மேல் உயிரிழந்து நிற்கிறது என்றால், ஏதோ ஒரு பக்கத்துக்கு ஒரே போகியிலிருந்துதான் (எஞ்சினின் அடியில் உள்ள சக்கரத் தொகுதி) மின்சாரம் வருகிறது என்று பொருள். கூட்டைத் திறக்காமலே இதை உறுதி செய்யலாம். எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து மல்லாக்கப் படுக்க வைத்து, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முன்போகியின் வலச் சக்கரத்தில் ஒரு முனையையும் பின்போகியின் வலச் சக்கரத்தில் மறுமுனையையும் தொடுங்கள். ஏறத்தாழ சுழியம் காட்ட வேண்டும். இடப்பக்கத்துக்கும் அப்படியே பாருங்கள். எந்தப் பக்கம் எதுவும் காட்டவில்லையோ அந்தப் பக்கத்தில் அறுந்த இணைப்பு இருக்கிறது.

பிறகு சக்கரத்திலிருந்து சாக்கெட் வரை ஒவ்வொரு கண்ணியாக நகர வேண்டும். முதலில் சக்கரத்தின் உட்புறத்தை உரசும் மெல்லிய வெண்கலத் தகடு. அது விலகி நின்றால் இடுக்கியால் மிக இலேசாக வளைத்தால் போதும். தொழிற்சாலையில் தாராளமாகப் பூசிய கிரீஸ் சக்கரங்களில் வழிந்திருந்தால் ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். சாரல் காலத்தில் உங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இந்தத் துடைப்பு எப்போதுமே தேவைப்படும். இவ்விரண்டும் சரியாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் சர்க்யூட் போர்டில்தான் இருக்கும். பல மாடல்களில் வயர்களைச் சால்டர் செய்யாமல் (ஈயம் உருக்கிப் பற்றவைக்காமல்), சின்னஞ்சிறு கறுப்பு பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பிடிக்க வைத்திருப்பார்கள். பயணக் குலுக்கலில் அவை தளர்ந்துவிடும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருளில் இந்தச் சிக்கனம் எனக்கு ஏற்புடையதே அல்ல.

புனலூர் வண்டி:
விளக்கு பற்றிச் சொல்கிறேன். வலத் தண்டவாளம் நேர்மின்னாக இருந்தால் எஞ்சின் முன்னோக்கிச் செல்ல வேண்டும் என்பது டி.சி. எஞ்சின்களுக்கான வழக்கம். அப்படி வைத்து ஓட்டிப் பாருங்கள். முன்விளக்கு எரிந்து வண்டி பின்னோக்கிப் போனால் மோட்டாரின் இரு வயர்கள் மட்டும் மாறியுள்ளன. வண்டி முன்னோக்கிப் போய்ப் பின்விளக்கு எரிந்தால் விளக்குகளின் வயர்கள் மாறியுள்ளன.

டிகோடர் வைக்குமுன் ஒரு சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். டிகோடருக்குப் பதிலாகச் சாக்கெட்டில் செருகியுள்ள வெற்றுப் பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் எல்லாச் சக்கரங்களுக்கும் இடையே தொடர்பு சிறிதும் இல்லை என்று மீட்டரில் பாருங்கள். வயர்களின் நிறங்கள் இவை: சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார். மோட்டார் எங்கேனும் தண்டவாளத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் கொடுத்த நொடியிலேயே புது டிகோடர் கருகிவிடும்.

மலைப்பாதை (செங்கோட்டை):
இருவருக்கும் மிக்க நன்றி. இடப்பக்கம் சரியாகக் காட்டியது; வலப்பக்கம் எதுவும் காட்டவில்லை. கூட்டைக் கழற்றிப் பார்த்தபோது பின்போகியிலிருந்து வரும் சிவப்பு வயர் அந்தக் கறுப்பு மூடிக்குள் வெறுமனே செருகியிருந்தது. பாதி இழைகள் வெளியே பிதுங்கி நின்றன, தொட்டதும் கழன்று வந்துவிட்டது. விளக்குச் சோதனையில் வண்டி பின்னோக்கிச் சென்றது, முன்விளக்கு எரிந்தது. ஆகவே மோட்டார் வயர்களே மாறியுள்ளன. நானே சால்டர் செய்யலாமா?

கல்பாத்தி (பாலக்காடு):
செய்யலாம், ஆனால் சால்டரிங் இரும்பைச் சூடாக்குமுன் கழன்ற வயரையும் மூடியையும் படம் எடுத்து விற்றவருக்கு எழுதிவிடுங்கள். சால்டர் செய்தபின் உத்தரவாதம் செல்லாது என்று அவர் மறுக்க இடம் கொடுக்க வேண்டாம். அவர் சம்மதித்தால், 0.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள 63/37 (வெள்ளீயம்/ஈயம்) சால்டர் கம்பியும் ரோசின் ஃப்ளக்சும் (பற்றவைக்க உதவும் பிசின்) பயன்படுத்துங்கள். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் நாளடைவில் செம்பை அரித்துவிடும். வயர் முனையில் முதலில் ஈயம் ஏற்றிக்கொண்டு, போர்டில் இரண்டு நொடிக்குமேல் இரும்பை வைக்காமல் எடுங்கள். பற்று பளபளப்பாக, வயரைத் தழுவியபடி அமைய வேண்டும். உருண்டையாக நின்றால் டிரை சால்டர் (சரியாகப் பற்றாத இணைப்பு), மறுபடி செய்ய வேண்டும். மற்ற மூடிகள் உறுதியாக இருப்பதாகத் தோன்றினாலும் அவற்றையும் எடுத்துவிட்டுச் சால்டர் செய்வதே நல்லது. மோட்டாரின் இரு வயர்களையும் அந்த அமர்விலேயே இடம் மாற்றிவிடுங்கள். கூட்டை மூடும்போது எந்த வயரும் மோட்டாரோடு சுழலும் ஃப்ளைவீலில் உரசாதபடி காப்டன் டேப்பால் (வெப்பம் தாங்கும் மின்காப்பு நாடா) ஒட்டி வையுங்கள்.