ஓபரா ப்ளூ-ரே: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி:
இதுவரை ஓபராவைக் கேட்டிருக்கிறேனே தவிர பார்த்ததில்லை. வீட்டில் பார்க்க முதலில் எந்தத் தயாரிப்பை வாங்கலாம்? டிவிடியே போதுமா?

பதில்:
ப்ளூ-ரேயே வாங்குங்கள். டிவிடியில் சரவுண்ட் ஒலி சுருக்கப்பட்டுத்தான் வரும், ப்ளூ-ரேயின் இரட்டை அடுக்குத் தட்டில் 50 ஜிபி இடம் இருப்பதால் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ மாதிரி இழப்பில்லாத ஒலியையே வைத்துவிடுகிறார்கள், பெரிய கோரஸ் வரும் இடங்களில் இது நன்றாகவே தெரியும். தொடங்குவதற்கு வெர்டியின் லா டிராவியாட்டா, 2005 ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இசை விழாவில் வில்லி டெக்கர் இயக்கியது. மேடையில் வளைந்த வெள்ளைச் சுவரும் ஒரு பெரிய கடிகாரமும்தான், நடுவில் சிவப்பு உடையில் நாயகியாகப் பாடும் அன்னா நெட்ரெப்கோ. வேறு அலங்காரமே தேவைப்படவில்லை!

பதில்:
அந்தத் தயாரிப்பு எனக்கும் உயிர். ஆனால் பொதுவாக இந்தப் பதிவுகளில் குளோசப் அதிகம், பாடுபவரின் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தால் மேடையின் மறுபக்கம் என்ன நடக்கிறது என்றே தெரியாது, இயக்குநர் அங்கே வைத்தது வீணாகிவிடும். நடிப்புக்காகப் பார்ப்பதென்றால், பேட்ரிஸ் ஷெரோ 1976இல் ஜெர்மனியின் பைராய்ட் விழாவில் அரங்கேற்றிய வாக்னரின் ரிங் என்ற நான்கு ஓபராக்களின் தொடரைப் பாருங்கள். பதிவு பழசு, படம் இன்றைய அளவுக்குக் கூர்மையாக இருக்காது, நடிப்பு மட்டும் அப்படியே பிடித்து உட்கார வைத்துவிடும்.

பதில்:
வாங்கும் முன் அட்டையில் சப்டைட்டில் மொழிகளைப் பாருங்கள். அப்புறம், பல ஓபரா தட்டுகள் 1080i வடிவம்தான் (படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பாதிகளாகக் காட்டுவது), வேகமான அசைவில் விளிம்பு பிசிறடித்தால் பிளேயர் அமைப்பை மாற்றிப் பாருங்கள்.