புதுப்பிப்பு: அணைக்கட்டு பக்கத்துத் தரிசு, சீமைக்கருவேலம் எடுத்த பிறகு

முன்பு கேட்டது இதுதான்: 2 ஏக்கர் தரிசில் சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் தழைக்கிறது, பறவைகள் திரும்ப வர என்ன வழி?

தரையோடு வெட்டிய கட்டைகள் மறுபடி தழைத்துவிட்டன. மொட்டுகள் மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்தில் (தண்டும் வேரும் சேரும் இடம்) இருப்பதே காரணம். சுமார் ஒரு அடி தோண்டிக் கழுத்தோடு எடுத்தவை தழைக்கவில்லை. காய் தின்ற ஆடு மாடுகளை உள்ளே விடாதீர்கள். விதை சாணத்தோடு வந்து முளைக்கும். மழைக்குப்பின் வரும் கன்றுகளை ஈரத்திலேயே வேரோடு பிடுங்குங்கள்.

தயவுசெய்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் அழிக்காதீர்கள், கூடுகளும் நிழலும் போய்விடும். கால்வாசி எடுத்து, அந்த இடத்தில் ஐப்பசி மழைக்கு முன் ஆவாரம், காரை, சூரை ஆகிய நாட்டுப் புதர்களை நடுங்கள். சூரைப்பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும்.

பண்ணைக்குட்டையில் ஒரு கரையாவது 1:3 சரிவாக (ஒரு அடி இறக்கத்துக்கு மூன்று அடி கிடைநீளம்) இருக்கட்டும். செங்குத்துக் கரையில் விழுந்த முயல் ஏற முடியாமல் சாகும்.

பறவைக் கணக்கு: மாதம் ஒருமுறை, அதே இடம், விடிந்ததும் 10 நிமிடம்.