உப்புத் தண்ணீர்க் கறைக்கு ஆசிட் ஊற்றலாமா? வேலூர் வீடுகளைப் பற்றி ஒரு விவாதம்

செல்வி (சத்துவாச்சாரி):

சத்துவாச்சாரியில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கிறோம். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச்சென்ற குளியலறையில், குழாய்க்குக் கீழே உள்ள டைல்ஸ் முழுவதும் வெள்ளைப் படிவம், நகத்தால் சுரண்டினாலும் பெயராதபடி இறுகிக் கிடக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பிலும் அதே வெள்ளை. அடுப்புக்குப் பின்சுவரிலோ பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றினால் பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. ஆசிட் இல்லாமல் இதைச் சுத்தம் செய்ய முடியுமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

விடுதிக்காரர் (காந்தி ரோடு):

முடியாது, சகோதரி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுவது என் தொழில். காலையில் ஒரு குடும்பம் காலி செய்தால் மதியத்துக்குள் அடுத்த குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும். அவர்கள் கட்டிலைப் பார்ப்பதற்கு முன்பே கழிவறைக் கதவைத் திறந்து பார்ப்பார்கள். டைல்ஸில் வெள்ளை படிந்திருந்தால் அதை உப்பு என்று நினைக்க மாட்டார்கள், அழுக்கு என்றுதான் நினைப்பார்கள். எலுமிச்சைத் தோலைத் தேய்த்துவிட்டு ஊறட்டும் என்று உட்கார்ந்திருக்க எனக்கு நேரமில்லை. தண்ணீர் கலந்த ஆசிட்டை ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசிவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் கட்டிடத்தில் மொசைக் போட்ட காலத்திலிருந்து இப்படித்தான் செய்து வருகிறோம்.

கவின் (குடியாத்தம்):

ஆசிட்டே வேண்டாம் அக்கா. ஆப்ப சோடாவைத் தூவி, அதன்மேல் வினிகரை ஊற்றுங்கள். பொங்கிக்கொண்டு வரும் நுரையே கறையைக் கிளப்பிவிடும். இணையத்தில் எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள். செலவும் குறைவு, குழந்தைக்கும் ஆபத்தில்லை.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் (காட்பாடி):

ஆபத்தில்லை என்பது சரி. பயனும் அனேகமாக இல்லை என்பதைத் தம்பி கவின் கவனிக்க வேண்டும். ஆப்ப சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் ஒரே இடத்தில் கலந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு, கரியமில வாயு நுரையாக வெளியேற, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். கறையைத் தாக்க வேண்டிய அமிலத்தை சோடாவே தின்றுவிட்ட பிறகு, நுரையைப் பார்த்து மகிழ்வதைத் தவிர வேறென்ன செய்வது? இரண்டும் நல்ல பொருட்கள்தாம், ஆனால் வேறு வேறு வேலைக்கு.

செல்வி அம்மா சொல்லும் வெள்ளைப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், நீர் சூடாகும்போதும் காயும்போதும் கார்பனேட்டாக மாறிப் பாறைபோல் படிகிறது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை சொல்கிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவதைப் பார்த்தாலே நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது விளங்கும். இந்தக் கார்பனேட்டைக் கரைக்க அமிலம் வேண்டும் என்பதில் விடுதிக்காரரோடு எனக்கு வேறுபாடு இல்லை. அது எந்த அமிலம் என்பதில்தான் வேறுபாடு.

விடுதிக்காரர் (காந்தி ரோடு):

அப்படியானால் சண்டையே இல்லையே! எலுமிச்சையும் அமிலம், என் பாட்டிலில் இருப்பதும் அமிலம். உங்களுடையது மெதுவாகச் செய்வதை என்னுடையது உடனே செய்கிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் நம் தண்ணீரை இப்படி ஆக்கிவிட்ட பிறகு, நோய்க்குத் தகுந்த மருந்துதான் கொடுக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் (காட்பாடி):

தோல் தொழிற்சாலைகளைக் குறை சொல்ல வேறு வலுவான காரணங்கள் உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றமே அதைப் பற்றி விரிவாகத் தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஆனால் குழாயடி வெள்ளைக்கு மூலகாரணம் பாறையும் மண்ணும் தரும் கால்சியமும் மக்னீசியமும். தோல் தொழிற்சாலையே இல்லாத ஊர்களிலும் இந்தப் படிவம் உண்டு.

இனி அமிலத்துக்கு வருகிறேன். நீங்கள் வாங்குவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடியைத் திறந்தவுடன் மூக்கைக் குத்துகிறதே, அது அந்த அமிலமே ஆவியாக வெளியேறுவது. சன்னல் ஒரு முழம்கூட இல்லாத விடுதிக் குளியலறையில் அந்த ஆவி எங்கே போகும்? சிகிச்சைக்கு வந்தவர்கள், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் அடுத்த மணி நேரத்தில் அதே அறையில் படுக்கப்போகிறார்கள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கொடுக்கும் சிட்ரிக் அமிலம் ஆவியாவதில்லை. கண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான், அறையை நிரப்பாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆசிட் ஊற்றிய கையோடு, நாற்றம் போக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பச்சை மஞ்சளாகத் தெரியும் அளவுக்கு வரவேண்டியதில்லை, அதற்கு முன்பே தொண்டை அடைத்து இருமல் நிற்காது. கடையில் விற்கும் கழிவறைத் திரவங்கள் பலவற்றிலும் இதே அமிலம் 10 விழுக்காடு அளவில் இருப்பதால், அவற்றோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. வினிகரும் எலுமிச்சையும்கூட இந்த விதிக்கு விலக்கல்ல.

செல்வி (சத்துவாச்சாரி):

ஐயா, பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து காட்டிய ஆசிட் குளிர்பான பாட்டிலில் இருந்தது. லேசான மஞ்சள் நிறம். குழந்தை எட்டினால் என்ன ஆகும் என்று நினைத்தபோதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் லெமன் சால்ட் உண்மையிலேயே அந்தப் படிவத்தைக் கரைக்குமா? எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் (காட்பாடி):

அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தது நல்லது. ஆசிட்டைச் சில்லறையாக விற்பவர் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. குளிர்பான பாட்டிலில் அளந்து ஊற்றிக் கொடுப்பவர் இதில் எதைச் செய்திருப்பார்?

தேய்த்ததும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், செங்குத்தான சுவரில் சாறு நிற்காமல் வழிந்து, நம் ஊர் வெயிலில் உடனே காய்ந்தும்விடுகிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் மூன்று நான்கு மேசைக்கரண்டி லெமன் சால்ட்டைக் கரையுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து அதில் முக்கி, பிழியாமல் படிவத்தின் மேல் ஒட்டுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடினால் காயாது. அரை மணி கழித்துத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், படிவத்தின் மேல் கடுகைவிடச் சிறிய குமிழிகள் வரிசையாக நிற்கும். அந்த நிலையில் பிளாஸ்டிக் அட்டையால் தள்ளினால் மேலடுக்கு சுண்ணாம்புக் கூழாகப் பெயரும். பழைய கரைசலைத் துடைத்துவிட்டு, புதிதாக நனைத்து மறுபடியும் ஒட்டுங்கள். இறுகிய படிவம் ஒரே தடவையில் போகாது.

ஒரு சொட்டு விட்டும் குமிழியே எழவில்லை என்றால் அது கார்பனேட் அல்ல, சல்பேட்டோ சிலிக்காவோ கலந்த படிவம். அதை எந்த ஆசிட்டும் எளிதில் கரைக்காது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

வாலாஜா பிளம்பர்:

ஆசிரியர் ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி என்றாலும், வீட்டுக்குள் போய்ப் பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு இடத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது. கழிவறைக் கோப்பையின் உள்விளிம்பு, தண்ணீர் நிற்கும் வளைவு ஆகிய இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஏறிய படிவத்துக்கு லெமன் சால்ட் போதாது. வழவழப்பான பீங்கானை ஆசிட் ஒன்றும் செய்யாது. அங்கே கடையில் விற்கும் கழிவறைத் திரவத்தை லேபிளில் சொன்னபடி பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விடுதிக்காரர் அண்ணன் பக்கம் இவ்வளவு நியாயம் உண்டு.

இரண்டாவது, குழாய். வினிகர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை ஷவரில் கட்டி இரவு முழுக்க விடுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மலிவான குழாய்களில் குரோமியப் பூச்சு மெல்லியது; இரவு முழுக்க ஊறினால் அது மங்கி, உள்ளிருக்கும் பித்தளை தெரியத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். குழாய் முனையில் உள்ள சிறிய சல்லடையைத் திருகிக் கழற்றி, அதை மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊறவிடலாம். தண்ணீர் சன்னமாக வருகிறது என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பாதி வேலை இந்தச் சல்லடையோடு முடிந்துவிடுகிறது. இதை எழுதி என் வருமானத்தை நானே கெடுத்துக்கொள்கிறேன்.

டைல்ஸ் இடுக்கில் ஆசிட் போனால் அங்கே இருப்பது சிமென்ட் என்பதை மறக்கக் கூடாது. வெள்ளையோடு சேர்த்து இடுக்கும் கரையும். பிறகு தண்ணீர் உள்ளே இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காட்டும்போது எல்லோரும் குழாய் உடைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

விடுதிக்காரர் (காந்தி ரோடு):

கோப்பைக்காவது அனுமதி கிடைத்ததே, நன்றி. மொசைக் தரைக்கு என்ன சொல்கிறீர்கள்? பளபளப்பு போய்ப் பல வருடமாகிறது.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் (காட்பாடி):

மொசைக் என்பது சிமென்ட்டில் பதித்த சலவைக்கல் துண்டுகள். சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட்தான். கறையும் தரையும் ஒரே பொருளாக இருக்கும்போது ஆசிட்டுக்கு வேறுபாடு தெரியாது. நீங்கள் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் தரையின் மேல்தோலை உரித்துக்கொண்டிருக்கிறீர்கள். பளபளப்பு போனது தற்செயல் அல்ல. சொரசொரப்பான தரையில் அழுக்கு முன்னைவிட வேகமாக ஏறும், அதற்காக இன்னும் ஆசிட் ஊற்றுவீர்கள். மொசைக்குக்கு சாதாரண சோப்புத் தண்ணீர் போதும், எலுமிச்சைகூட வேண்டாம்.

சமையலறையில் கடப்பா கல் மேடை, கடப்பா கல் அலமாரி வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அது கறுப்பாக இருப்பதால் கிரானைட் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக்கல். புளிக் கரைசல் வைத்த பாத்திரத்தின் அடி வட்டமாக வெளுத்துப் பதிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கறை அல்ல, அரிப்பு. தேய்த்தால் போகாது.

நசீமா (ஆம்பூர்):

சமையலறைப் பிசுக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. செல்வி அக்கா கேட்டதில் அதுவும் பாதி. பிரியாணிக்குத் தாளித்து, கூடவே எண்ணெய்க் கத்தரிக்காயும் செய்யும் வீட்டில் சுவர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே எலுமிச்சையும் வினிகரும் வீண். கொதிக்கும் அளவுக்குச் சூடான நீரில் சலவை சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, கையுறை போட்டு, துணியில் நனைத்துச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டுத் துடைத்தால் பிசுக்கு இளகி வந்துவிடும். என் பாட்டி விறகுச் சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் இதே கணக்குதான். சாம்பலிலும் காரம் இருக்கிறது.

அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் சோடாவை நெருங்க விடாதீர்கள், கறுத்துவிடும். கறுத்த இட்லிப் பானையில் புளிச்சக்கையைப் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தால் பழையபடி வெளுக்கும். கம்பி நாரை எவர்சில்வர் தொட்டியில் போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். நாரிலிருந்து உடைந்த இரும்புத் துணுக்கு ஈரத்தில் கிடந்து துரு பிடித்தால், தொட்டியே துருப்பிடித்ததாகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம்.

கவின் (குடியாத்தம்):

அப்படியானால் சோடா சமையலறைக்கு, வினிகர் குளியலறைக்கு; நான் இரண்டையும் ஒரே இடத்தில் ஊற்றியதுதான் தவறு என்கிறீர்கள். ஆனாலும் அடைத்த வடிகுழாயில் நுரை விட்டபோது தண்ணீர் இறங்கியதே?

வாலாஜா பிளம்பர்:

தம்பி, நுரைக்குப் பிறகு ஒரு குண்டான் வெந்நீர் ஊற்றியிருப்பீர்கள். கொழுப்பை இளக்கியது அந்த வெந்நீர். அடுத்த முறை வெந்நீரை மட்டும் ஊற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு ஊற்றுங்கள். எண்ணெயைத் தாளில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

செல்வி (சத்துவாச்சாரி):

நேற்று வேட்டித் துணியை ஒட்டிப் பார்த்தேன். குமிழி எழுந்தது, குழாய்க்கு நேர் கீழே இருந்த தடித்த பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது, மற்ற இடம் தெளிந்துவிட்டது. டைல்ஸ் இடுக்கில் கறுப்பாகப் பாசி போல் இருக்கிறதே, அதற்கும் இதே கரைசல்தானா?

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் (காட்பாடி):

அது பூஞ்சை. அதற்குத்தான் பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும், ஆனால் லெமன் சால்ட் போட்ட அதே நாளில் கூடாது. முதலில் சுவரை நன்றாக அலசிக் காயவிட்டு, மறுநாள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். முடியும்வரை குழந்தை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்து பல மாதம் ஈரத்தில் கிடந்த பவுடரில் குளோரின் போய்விட்டிருக்கும், வாசனை இல்லையென்றால் புதிதாக வாங்குங்கள். செம்பழுப்பு நிறத்தில் இரும்புக் கறை இருந்தால் அதன்மேல் பிளீச் படக் கூடாது. கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

வாலாஜா பிளம்பர்:

சுத்தம் செய்தபின் ரப்பர் வைப்பர் ஒன்று வாங்கிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். கடைசியாகக் குளிப்பவர் சுவரை ஒரு தடவை வழித்துவிட்டு வந்தால், காய்ந்து படிவதற்குத் தண்ணீரே இருக்காது.

விடுதிக்காரர் (காந்தி ரோடு):

வாடகைக்கு வருபவர் வைப்பர் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அறை காலியானவுடன் பையனை வைத்துத் துணி ஒட்டச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் படுக்கை விரிப்பை மாற்றினால் மதியத்துக்குள் முடியுமா என்று ஒரு அறையில் பார்க்கிறேன். கோப்பைக்குப் பழைய வழிதான், அதில் மாற்றமில்லை. பொட்டலம் பொட்டலமாக வாங்கினால் எனக்குக் கட்டாது. லெமன் சால்ட் லாங் பஜாரில் கிலோவாகக் கிடைக்குமா?

நசீமா (ஆம்பூர்):

மளிகை மொத்தக் கடையில் கேளுங்கள் அண்ணா. ஈரம் படாத டப்பாவில் போட்டு, சர்க்கரை டப்பாவுக்கு எட்டத்தில் வையுங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.