பெண் பிறந்த நாட்டை வைத்து கிரீன் கார்டு வரிசை மாறுமா?

வரிசையில் ஒருவன்:
அமெரிக்காவில் எச்-1பி (வேலை விசா), வயது 33. கிரீன் கார்டுக்கு இந்திய வரிசையில், இபி-2 (வேலை வழிப் பிரிவுகளில் ஒன்று), பிரையாரிட்டி டேட் (வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் தேதி) மார்ச் 2019. போன மாதம் ஒரு பெண்ணின் அப்பா போனில் பேசினார். சம்பளம்கூடக் கேட்கவில்லை. "ஐ-140 அப்ரூவ் ஆயிடுச்சா தம்பி?" என்றார் (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு). ஆயிடுச்சு என்றதும் குரலே குழைந்துவிட்டது. அது சரிவரவில்லை.

இப்போது பேசிக்கொண்டிருக்கும் பெண் டொராண்டோவில் வளர்ந்தவள், கனடா குடியுரிமை. பிறந்தது யாழ்ப்பாணம். இரண்டு மாதமாகப் பேசுகிறோம், பிடித்திருக்கிறது. ஆபீஸ் நண்பனோ, "அவங்களைக் கட்டினா உன் கியூவே மாறிடும்டா" என்கிறான். நிஜமா? இது காதில் விழுந்ததிலிருந்து அவளோடு இயல்பாகப் பேசவே வரவில்லை.

பழைய எச்-1பி:
நிஜம்தான். கிராஸ் சார்ஜபிலிட்டி என்பார்கள்: கட்டிக்கொண்டால் மனைவி பிறந்த நாட்டின் வரிசையில் நீங்களும் போகலாம். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று 1990 சட்டத்தில் வைத்த வரம்பால் 2025 முழுக்க இந்தியாவின் இபி-2 தேதி 2013-ஐத் தாண்டவில்லை. இலங்கைக்குத் தனித் தேக்கம் இல்லை. பொது வரிசையில் உங்கள் 2019 எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) இருவருக்கும் சேர்ந்தே போக வேண்டும். பிறப்புச் சான்றிதழை இப்போதே தேடச் சொல்லுங்கள். என் மனைவியின் குடும்பம் இடம்பெயர்ந்ததில் அது தொலைந்துபோய், நகல் எடுக்கவே ஏழு மாதம் அலைந்தோம்.

எச்-4 அக்கா:
அந்த அப்பாவைக் கேலி செய்யாதீங்க தம்பி. என் கல்யாணத்தின்போது இவருக்கு ஐ-140 இல்லை. எச்-4-இல் (எச்-1பி-காரரின் துணைக்கான விசா) இருப்பவர்கள் வேலைக்குப் போக 2015 மே மாதம்தான் வழி பிறந்தது, அதுவும் கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் (அல்லது ஆறு வருடம் தாண்டி எச்-1பி நீட்டித்திருந்தால்). எம்.டெக் முடித்துவிட்டு மூன்று வருடம், எந்தப் படிவத்திலும் 'தொழில்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். என் அப்பாவுக்கு இந்தக் கேள்வி தெரியாமல் போச்சு.

தாமதமாகக் கட்டியவன்:
கிரீன் கார்டு வரட்டும் என்று மட்டும் கல்யாணத்தைத் தள்ளாதீர்கள். கார்டு அப்ரூவ் ஆவதற்கு முந்தின நாள் தாலி கட்டியிருந்தால்கூட மனைவிக்கு என் தேதியே செல்லும். நான் அப்ரூவ் ஆனபின் கட்டினேன். எஃப்2ஏ (கிரீன் கார்டுகாரரின் மனைவி, பிள்ளைகளுக்கானது) வரிசை, எச்-4-உம் கிடையாது. அவள் அங்கே, நான் இங்கே, இரண்டு வருடத்துக்கு மேல்.

வரிசையில் ஒருவன்:
எல்லோருக்கும் நன்றி. மனசு கேட்கவில்லை, நேற்று அவளிடமே சொல்லிவிட்டேன். சிரித்தாள். "போன முறை பேசின ஆள் முதல் போனிலேயே எங்க பிறந்தனீங்கள் எண்டு கேட்டவர். நீங்கள் ரெண்டு மாசம் பொறுத்திருக்கிறியள்" என்றாள்.